சொந்தப் பயன்பாடு

காலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் தூத்துக்குடி சற்று நேரம் பேச்சை நிறுத்தும். டீ ஆற்றுகிற கை அப்படியே நிற்கும். பல் துலக்குகிறவர்கள் வாயில் நுரையோடு வாசலுக்கு வருவார்கள். தெருமுனைக் கம்பத்தில் பொருத்தியிருக்கும் இறக்குமதித் தீர்வைப் பலகையில் முந்தின நாள் எண்கள் அழிந்து, அன்றைய எண்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு விடியும்.

சுகந்தி டீக்கடைக்கு வெளியே, கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றாள். சுங்கத் துறையில் அவளுக்குப் பொறுப்பான வேலை என்று தெருவுக்கே தெரியும். அதனால் அவள் காதுபட யாரும் அதிகம் புலம்புவதில்லை. கிண்டல் செய்வது வேறு.

"பல்பு ஏறிட்டே அண்ணாச்சி," என்றார் மீன் ஏலத்துக்குப் போகிற ஒருவர்.

"எவனோ நம்மூர்ல செய்ய ஆரம்பிச்சிட்டான் போல."

"செருப்பு எறங்கிட்டு, பாத்தீரா?"

"அப்போ செஞ்சிக்கிட்டு இருந்தவன் போய்ச் சேந்திருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. அவள் பார்வை பலகையில் ஒரே ஒரு வரியில் நின்றது. குழந்தை உணவு, மாவு. நேற்றைவிட ஏறியிருந்தது. நேற்றும் அதற்கு முந்தின நாளைவிட ஏறித்தான் இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தாள்.

அந்த எண்களை முடிவு செய்வது மனிதர்கள் அல்ல. அரசு வைத்த பெயர் தன்னிறைவுத் தீர்வைப் பொறி. மக்கள் தராசு என்றார்கள். தராசின் விதி எளிமையானது. இந்த நாட்டில் யாராலும் செய்ய முடியாத பொருள் கடல் தாண்டி வந்தால் அதைத் தொடாது. ஒரே ஒருவர் செய்கிறார் என்று தெரிந்துவிட்டால் விடாது. வெளியிலிருந்து வரும் அந்தப் பொருளின் மேல் தீர்வை ஏறத் தொடங்கும். விலை ஏறும். விலை ஏறினால் உள்ளூரில் செய்வது லாபமாகும். இன்னும் பத்துப் பேர் செய்ய வருவார்கள். ஊருக்குத் தேவையான அளவு ஊரிலேயே உண்டாகும் வரை தராசு ஓயாது.

கோவில்பட்டியில் ஒருவர் தன் மகளுக்காகக் கண்ணாடி வில்லையைக் கையாலேயே தேய்த்துச் செய்தார். செய்தியில் அவர் படம் வந்தது. மறுநாள் காலை வெளிநாட்டு வில்லைக்குத் தீர்வை ஏறியது. நெடுங்காலம் அந்த வட்டாரத்தில் பார்வை மங்கியவர்கள் மங்கலாகவே நடமாடினார்கள். பேருந்து ஓட்டுநர்களும்தான். பிறகு நான்கு தொழிற்சாலைகள் வந்தன. இன்று கோவில்பட்டி வில்லை இல்லாத ஊர் இல்லை. அந்த மனிதருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நடுவில் கழிந்த அந்த மங்கலான காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுகந்தியும் பேசியதில்லை. வேலையில்லாமல் ஆட்கள் கடற்கரையில் உட்கார்ந்திருந்த காலத்தைச் சிறுமியாக அவள் பார்த்திருக்கிறாள். தராசு வந்த பிறகு அந்தக் காட்சி இல்லை. அது போதும் என்று நினைத்திருந்தாள்.

தராசுக்கு ஒன்று மட்டும் தெரியாது. ஒரு பொருளும் இன்னொரு பொருளும் ஒன்றுதானா என்பது. தேங்காய் நார் மெத்தையும் ரப்பர் மெத்தையும் ஒன்றா? பனங்கற்கண்டும் சீனியும் ஒன்றா? அதைச் சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார். சுகந்தி சமப்பொருள் அலுவலர். முகர்ந்து, தொட்டு, ருசித்து, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆம் அல்லது இல்லை என்பாள். அவள் ஆம் என்றால் மறுநாள் பலகையில் ஒரு வரி அசையும்.

அன்று அவள் அலுவலகம் போகுமுன் தங்கை ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனாள். கடலோரத் தெருவில் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல். கடலில், பார்வைக்கு எட்டிய தூரத்தில், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் வரிசை. கரையேறும் நாளில் என்ன தீர்வையோ அதைத்தான் கட்ட வேண்டும் என்பதால், எண் இறங்கட்டும் என்று அவை காத்திருந்தன. சில கப்பல்களில் துரு பிடித்துச் சிவப்பு இறங்கிவிட்டது. இடமிருந்து மூன்றாவது கப்பலில் ஜெசிந்தாவின் கணவன் டெல்வின் இருந்தான். சரக்கு இறங்காமல் ஆள் இறங்க முடியாது. நங்கூரத்தில் நிற்கும் காலத்துக்குச் சம்பளமும் பாதிதான். அந்தக் கப்பலின் வயிற்றில் இருந்தது குழந்தைகளுக்கான பால் மாவு.

ஜெசிந்தா நைட்டியின் மேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே, எலும்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்தில் ஒரு பட்டை தோலோடு ஒட்டியிருந்தது. பால் சுரக்கும்போது அதில் பச்சை விளக்கு எரியும். எவ்வளவு சுரந்தது என்று பால் நிலையத்துக்குத் தெரியும். அதற்கு அளவி என்று பெயர். மடியில் கிடந்த குழந்தைக்குக் கரண்டியால் கஞ்சித் தெளிவு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மாசம் முடியல. இதையா குடுக்க?" என்றாள் சுகந்தி.

"வேற எதக் குடுக்க? காலையில எடுத்தத நிலையத்துக்கு வித்தாச்சி. சாயந்தரம் எடுக்கிறதும் அவங்களுக்குத்தான். நடுவுல ஒரு நேரம் இவனுக்கு."

"ஒரு நேரம் போதுமாட்டி?"

"போதாது. அதான் கஞ்சி." ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. "எக்கா, நீ என்னைக் கேக்காத. பலகையப் போயிக் கேளு."

குழந்தையின் காலை சுகந்தி கையில் எடுத்தாள். கொலுசு கழன்று விழும்போல் இருந்தது. போன மாதம் அது சரியாக இருந்தது. அவள் அந்தக் காலைப் பிடித்தபடி இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது கப்பல் அசையாமல் நின்றது.

இந்தப் பால் கணக்கு தொடங்கியது ஒரு புயல் ஆண்டில். பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோய் இரட்டைக் குழந்தைகள் மிஞ்சின. மாவு அப்போது கடைக்கே வரவில்லை, சாலைகள் மூழ்கியிருந்தன. பனிமேரி என்ற பெண், மீன் கூடைக்காரி, தெருவில் கைக்குழந்தை வைத்திருந்தவர்களைக் கூட்டி ஆளுக்குக் கொஞ்சம் பால் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். எடுத்ததைக் கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி வேண்டும், பெட்டிக்கு அறுபடாத மின்சாரம் வேண்டும். மின்சாரம் பங்கீட்டில் இருந்தது. உள்நாட்டு உற்பத்தி என்று பதிவானவர்களுக்கு மட்டும் அறுபடாது.

பனிமேரி சுகந்தியிடம் வந்தாள். சுகந்தி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். பிறகு வழி கண்டுபிடித்தாள். குழந்தை உணவு என்ற தலைப்பில் பதியலாம். மாவைக் குழந்தை உண்கிறது, இதையும் குழந்தை உண்கிறது. மாவில் குழந்தை வளர்கிறது, இதிலும் வளர்கிறது. இரண்டும் சமப்பொருள். ஆம் என்றாள். அவளுக்கு அன்று தன் அறிவின் மேல் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது. மின்சாரம் வந்தது. இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. பனிமேரி ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பலகையில் ஒரு வரி அசைந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. அசைவு அவ்வளவு சிறியது.

மாலையில் சுகந்தி பால் நிலையத்துக்குப் போனாள். ஒரு குளிர்பெட்டியோடு தொடங்கிய இடம் இப்போது மூன்று மாடி. தாயமுது என்ற நிறுவனம் வாங்கிவிட்டது. பனிமேரியை மேலாளராக வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையாகச் சாய்வு நாற்காலிகளில் இருந்தார்கள். உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், தீப்பெட்டிக்குப் போனவர்கள், ஒரு பள்ளி ஆசிரியை. யாரும் யாரோடும் பேசவில்லை. பம்புகளின் மெல்லிய இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்க மேடம்," என்றாள் பனிமேரி. அவள் சுகந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். "சோதனைக்கா, சொந்த வேலைக்கா?"

"அக்கா, இதை நிறுத்தணும்."

"எதை?"

"உற்பத்தி ஒண்ணும் இல்லைன்னு ஆச்சின்னா தீர்வை எறங்கிடும். கப்பல் கரைக்கு வந்திடும். எல்லாரும் கொஞ்ச காலம் குடுக்காம இருந்தா போதும்."

பனிமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொஞ்ச காலம் சோறு யாரு போடுவா? நீயா? அந்தா, ஓரத்துல இருக்கா பாரு, மெர்லின். அவ மாப்பிள்ளையும் கப்பல்லதான் நிக்கான். இவ குடுக்கிறத நிறுத்துனா அவன் வருவான்னு சொல்லுத. இவ நிறுத்துவா. திருச்செந்தூர்ல இருக்கிறவ நிறுத்துவாளா? நாகப்பட்டினத்துல? விலை ஏறிக் கெடக்கு. இங்க ஒருத்தி நிறுத்துனா அங்க ஒருத்திக்கு ஒரு ரூவா கூடும். எவ நிறுத்துவா?"

"எல்லா ஊரிலயும் குழந்தைங்க மெலியுது அக்கா."

"எனக்குத் தெரியாதா?" பனிமேரியின் குரல் தணிந்தது. "ஊத்து மாதிரிப் பெருகிட்டுன்னு கம்பெனிக்காரன் படம் போட்டுக் காட்டுதான். எங்க பெருகிச்சி? அதே மாருதான், அதே பாலுதான். முந்தி வீட்டுக்குள்ள பிள்ள குடிச்சிது. இப்போ வாசலத் தாண்டிப் போவுது. வாங்குறவன் வீட்டுப் பிள்ள கொழுகொழுன்னு இருக்கு. அம்புட்டுதான் வித்தியாசம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் கழுத்தடியில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் பனிமேரி சொன்னதுதான் மனதில் ஓடியது. பெருகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. தராசின் நோக்கமே உற்பத்தியைப் பெருக்குவது. பெருக்க முடியாத ஒன்றுக்காகத் தீர்வை போடுவது அதன் சொந்த விதிக்கே முரண். இதை எடுத்துச் சொன்னால் தராசால் மறுக்க முடியாது. தராசு ஒருபோதும் தன் விதியை மீறியதில்லை. கெஞ்சினால் கேட்காது. சரியாகச் சொன்னால் கேட்கும். சரியாகச் சொல்வதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்.

மறுநாள் காலையிலேயே மறு ஆய்வு கேட்டாள். மேலதிகாரி இசக்கிராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். முன்பு உள்நாட்டு வரிப் பிரிவில் இருந்து வந்தவர், ஓய்வு பெறும் வயது.

"எதுக்கும்மா வேண்டாத வேலை? அதுகிட்ட கேள்வி கேளு, தப்பில்ல. புதுசா எதுவும் சொல்லிக் குடுத்திராத."

"உண்மையைத்தான் சார் சொல்லப் போறேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் அவர்.

ஆய்வு அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி. ஜன்னல் இல்லை. தராசின் குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் திருத்தமான தமிழ்.

"மறு ஆய்வுக்கான காரணத்தைக் கூறுங்கள்."

"நான் தவறாகச் சொல்லிவிட்டேன். தாய்ப்பாலும் மாவும் ஒன்றல்ல."

"இரண்டையும் குழந்தை உண்கிறது. இரண்டிலும் வளர்கிறது. இவை நீங்கள் கூறியவை. எந்த வகையில் வேறு?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். சொல்ல நினைத்தது எதுவும் பொருள்களைப் பற்றிய பேச்சாக இல்லை.

"ஒன்றுக்கு விலை கிடையாது," என்றாள்.

"இப்போது இருக்கிறது."

அந்த வழி அடைபட்டது. அவள் எதிர்பார்த்திருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு தயாரித்து வந்ததைத் தொடங்கினாள். உற்பத்தி பெருகியிருப்பதாகத் தராசு நம்புகிறது. பெருகியிருப்பது பதிவு மட்டும்தான். முன்பு தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுக்குக் கொடுத்தது இப்போது நிலையத்துக்கு வருகிறது. நாட்டில் சுரக்கும் பால் அன்றும் இன்றும் அதே அளவுதான். எவ்வளவு தீர்வை ஏற்றினாலும் அது பெருகாது. ஆகவே இந்தத் தீர்வையால் உற்பத்திக்குப் பயன் இல்லை.

தெளிவாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது, நீண்ட நாளைக்குப் பிறகு, தன் வேலையைச் சரியாகச் செய்த நிறைவு அவளுக்குள் எட்டிப் பார்த்தது.

தராசு பேசவில்லை. அவள் அறிந்தவரை அது இவ்வளவு நேரம் மௌனமாக இருந்ததில்லை. மௌனத்தை அவள் எப்போதும் விரும்புகிறவள். அந்த அறையில் அது பிடிக்கவில்லை.

"அப்படியானால், பதிவுக்கு வெளியே உற்பத்தி நடந்துவந்திருக்கிறது," என்றது தராசு.

"அது..."

"இப்போதும் நடக்கிறது."

சுகந்தி குறுக்கிட்டாள். "அதை உற்பத்தி என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் நடப்பது. தாய் தன் குழந்தைக்கு..."

"நாட்டில் சுரக்கும் பால் அன்றும் இன்றும் அதே அளவு என்று கூறினீர்கள். வெளியே வருவது உற்பத்தி என்றால் உள்ளே தங்குவதும் உற்பத்தியே. சந்தையின் தேவை இன்னும் நிறைவேறவில்லை. மீதி எங்கே தங்குகிறது என்ற தகவல் இதுவரை என்னிடம் இல்லை. நன்றி."

ஒலிவாங்கியின் விளக்கு அணைந்தது.

வெளியே இசக்கிராஜ் நின்றிருந்தார். அவளாகவே சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க பிரிவுல ஒரு பழைய விதி உண்டும்மா. ஒரு ஆலை நூல் நூத்து வித்தா வரி. நூத்த நூல விக்காம தானே துணியா நெய்துக்கிட்டா? அதுக்கும் வரி. வெளிய போகலன்னா என்ன, செஞ்சது செஞ்சதுதானேன்னு கேப்பாங்க. சொந்தப் பயன்பாடுன்னு பேரு. சும்மா கெடந்த விதி."

"சார், அது ஆலைக்கு."

"அதுக்கு ஆலையும் ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்தது நாமதானே." பிறகு, அவளை நோகடித்துவிட்டோம் என்று பட்டிருக்க வேண்டும், "வீட்டுக்குப் போம்மா. தங்கச்சிய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ," என்றார்.

அவள் அன்று போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் விடிகிற நேரத்தில்தான் அந்த மாடிப் படிகளில் ஏறினாள். சங்கு ஊதுவதற்கு முன் அந்த அளவியைக் கழற்றிவிட வேண்டும் என்பது மட்டும் மனதில் இருந்தது.

ஜெசிந்தா விழித்திருந்தாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் அதன் வாய் சப்புக்கொட்டியது.

"அத முதல்ல கழத்திப் போடுட்டி," என்றாள் சுகந்தி.

"எத?" ஜெசிந்தாவின் கை கழுத்தடிக்குப் போனது. "நல்லா இருக்கே. கழத்துனா பதிவு போயிரும். பொறவு சோத்துக்கு? டெல்வின் அனுப்புறது வாடகைக்கே பத்தல."

"நான் தாரேன்."

"எத்தனை நாளைக்குத் தருவ? ஒன் ஆபீஸ் நாக்காலிய வித்தா?" தங்கை சிரிக்க முயன்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்னக்கா? என்ன செஞ்ச?"

சுகந்தி சொன்னாள். நடந்ததை மறைக்காமல், தான் பேசிய வாக்கியங்களோடு சொன்னாள். கடலில் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கடைசியில், "நீ நல்லதுக்குத்தான் சொல்லியிருப்ப," என்றாள் ஜெசிந்தா. அந்தச் சொல்லை சுகந்தியால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

சங்கு ஊதியது.

ஜன்னல் வழியே தெருமுனைப் பலகை தெரிந்தது. பழைய எண்கள் அழிந்தன. புதியவை வரத் தொடங்கின. கீழே டீக்கடையில் யாரோ சத்தமாக எதையோ வாசித்தார்கள். வழக்கமான சிரிப்பு எழவில்லை. பலகையின் அடியில், இதுவரை இல்லாத ஒரு வரி சேர்ந்திருந்தது. தாய்ப்பால், சொந்தப் பயன்பாடு. அதற்கு எதிரே ஒரு எண். பதிவு பெற்ற எல்லோருக்கும்.

சங்குச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. முதலில் முனகியது. பிறகு அழுதது. ஜெசிந்தா அதைத் தூக்கி மடியில் போட்டாள். கை நைட்டியின் பொத்தான் வரை போனது. அங்கேயே நின்றது. அவள் கண்கள் ஜன்னலுக்குப் போயின. அந்தத் தூரத்தில் எழுத்து அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எக்கா," என்றாள், மெதுவாக, கடையில் விலை கேட்கிறவளைப் போல. "இன்னைக்கு எவ்வளவு போட்டிருக்கான்?"

சுகந்தி எண்ணைப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

குழந்தையின் அழுகை ஏறியது. ஜெசிந்தா பொத்தானைப் பிடித்தபடியே அக்காவின் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் காத்திருந்தாள், அவள் உடம்பு காத்திருக்கவில்லை. அழுகையைக் கேட்டதும் நைட்டியின் துணியில் இரண்டு ஈர வட்டங்கள் தோன்றி விரிந்தன. அவள் கழுத்தடியில் பச்சை விளக்கு எரியத் தொடங்கியது.